ஹெச்.ஆர்.காரர் தன் சம்பளத்தை அளந்து பார்ப்பது எப்படி

வருடாந்திர இன்க்ரிமென்ட் ஷீட் தயாரிப்பது அப்போது என் வேலை. 412 பேர், 412 வரிகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போதைய சம்பளம், அந்தப் பதவிக்கான சம்பள வரம்பு, வரம்பின் நடுப்புள்ளி, கடைசிக் கட்டத்தில் காம்பா ரேஷியோ. ஒருவரின் சம்பளத்தை அவர் பதவியின் நடுப்புள்ளியால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. 1.00 வந்தால் சந்தை கொடுப்பதையே, அதாவது அதே வேலைக்கு மற்ற நிறுவனங்கள் கொடுப்பதையே, வாங்குகிறார் என்று அர்த்தம். 0.85-க்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகும்படி எக்செலில் நானே விதி எழுதி வைத்திருந்தேன். சிவப்பில் வந்தவர்களின் மேலாளரைக் கூப்பிட்டு, "இவரை இப்போதே கவனியுங்கள், விட்டால் வேறு இடம் பார்த்துவிடுவார்" என்று சொல்வதும் என் பொறுப்புதான்.

ஹெச்.ஆர். ஆட்களின் வரிகளை எங்கள் துறைத் தலைவர் தனியாக வைத்துக்கொள்வார். அந்த வருடம் அவர் நீண்ட விடுப்பில் இருந்ததால் முழு ஷீட்டும் என் கைக்கு வந்தது. இரவு ஒன்பது மணி இருக்கும். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டே கீழே வந்தேன். 387-வது வரியில் என் பெயர். 0.76. சிவப்பு.

ஐந்து வருடமாக மற்றவர்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன், எனக்காக ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு இன்னொரு கணக்கும் போட்டேன். சந்தை வருடத்துக்கு 4% ஏறுகிறது, எனக்கு மட்டும் 6% தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படி விடாமல் கிடைத்தாலும் 0.76 என்பது 1.00 ஆவதற்கு 14 வருடத்துக்கு மேல் ஆகிறது. "உனக்கு நல்ல இன்க்ரிமென்ட்தானே" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 14 வருடம் ஓடிவிடும்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை என்னையே ஒரு பதவியாக வைத்து அளந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எப்படிச் செய்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு இடம் தவிர எடுத்துக்காட்டுகளில் எந்த நாட்டுப் பணமும் இல்லை, நடுப்புள்ளியை 100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

டெசிக்னேஷனை மறந்துவிட்டு வேலையை எழுதுங்கள்

நம் துறை அளவுக்குப் பதவிப் பெயர் ஏமாற்றும் துறை குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1997-ல் ஹெச்.ஆர். வேலையை நான்கு பொறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார்: நிர்வாகத்தின் திட்டங்களில் பங்காளி, மாற்றத்தை நடத்திக் கொடுப்பவர், அன்றாட நிர்வாகத்தில் கைதேர்ந்தவர், ஊழியர்களுக்காகப் பேசுபவர். அதற்குப் பிறகு 'பிசினஸ் பார்ட்னர்' என்ற பெயர் எல்லா நிறுவனங்களுக்கும் பரவியது. பெயர் பரவிய வேகத்தில் வேலை மாறவில்லை. ஒரு இடத்தில் பிசினஸ் பார்ட்னர் என்றால் 600 பேர் கொண்ட பிரிவின் தலைவரோடு உட்கார்ந்து அடுத்த வருட ஆள்பலத்தை முடிவு செய்பவர். இன்னொரு இடத்தில் அதே பெயருள்ளவர் நாள் முழுக்க விடுப்பு விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். இந்த இருவரின் சம்பளத்தையும் ஒரே வரியில் வைத்து ஒப்பிட்டால் என்ன பயன்?

ஆகவே இரண்டு வாரம் குறிப்பெடுங்கள். காலண்டர் பக்கத்தில் இருந்தால் போதும், மாலையில் ஐந்து நிமிட வேலை. எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போயிற்று என்று மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசியில் பே ரோல், அதாவது சம்பளப் பட்டுவாடா, ஓடும் வாரம் ஒன்று, சாதாரண வாரம் ஒன்று என்று எடுத்தால் படம் நேராக வரும்.

நான் எடுத்தபோது வந்தது இது: சம்பள அமைப்பு, சந்தை ஒப்பீடு, இன்க்ரிமென்ட் கணக்கு 55%. பே ரோல் சரிபார்ப்பு 20%. ஆள் எடுப்பு 15%. மற்றதெல்லாம் 10%. என் டெசிக்னேஷன் என்னவோ 'ஹெச்.ஆர். எக்சிகியூட்டிவ்'. அந்த 0.76-ம் எக்சிகியூட்டிவ் வரம்போடு ஒப்பிட்டு வந்த எண்தான். நான் பாதிக்கு மேல் செய்துகொண்டிருந்தது காம்பென்சேஷன் அனலிஸ்ட் வேலை, அதாவது சம்பளங்களை அலசி அமைப்பவரின் வேலை. அந்த வரம்பு இன்னும் மேலே இருந்தது. ஆக, சிவப்பு கட்டமே எனக்கு நடந்துகொண்டிருந்ததைக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது.

பல நிறுவனங்களின் சம்பளத்தைத் தொகுக்கும் சம்பள ஆய்வுகளில் ஒரு பதவியை இன்னொன்றோடு பொருத்தும்போது, வேலை விவரத்தில் குறைந்தது 70% ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். இதே அளவுகோலை உங்களுக்கும் வையுங்கள். 70% எதிலும் ஒட்டவில்லை என்றால் நீங்கள் இரண்டு வேலை பார்க்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாக விலை பார்த்து, போகும் நேரத்துக்கு ஏற்றபடி கலந்துகொள்ளுங்கள்.

மணி நேரத்தோடு இன்னும் சில எண்களையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எத்தனை ஊழியர்களுக்கு நீங்கள் பொறுப்பு, எத்தனை நாட்டுச் சட்டங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது, யாருக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்கிறீர்கள், உங்கள் கையெழுத்தோடு முடிந்துபோகும் முடிவுகள் எவை. நான் வேலை பார்த்த இடங்களில் 100 ஊழியர்களுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில்தான் ஹெச்.ஆர். ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் ஒருவராக 300 பேரைப் பார்க்கிறீர்கள் என்றால், சம்பளம் பேசும்போது அந்த எண் உங்களுக்காகப் பேசும்.

அரசாங்கப் புள்ளிவிவரத்தில் நம்மைத் தேடுவது

பெரும்பாலானோர் இதைச் செய்வதே இல்லை, நேராக இணையத்தில் 'ஹெச்.ஆர். மேனேஜர் சம்பளம்' என்று தேடிவிட்டு முதலில் வரும் எண்ணை நம்பிவிடுகிறார்கள். ஊழியர்கள் தாங்களாகப் பதியும் அந்தத் தளங்களில் யார், எப்போது, என்ன வேலைக்கு அந்த எண்ணைப் போட்டார் என்று நமக்குத் தெரியாது. போனஸைச் சேர்த்தாரா என்பதும் தெரியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு ஒன்று இருக்கிறது, இஸ்கோ-08 என்பார்கள். அதில் மனிதவள மேலாளருக்கு 1212, பணியாளர் மற்றும் தொழில்வழி நிபுணருக்கு 2423, பயிற்சி நிபுணருக்கு 2424, பணியாளர் பிரிவு எழுத்தருக்கு 4416. பல நாடுகளின் புள்ளிவிவரத் துறைகள் இதையோ இதை ஒட்டிய ஒன்றையோ பயன்படுத்துகின்றன. உங்கள் நாட்டின் ஊதியக் கணக்கெடுப்பில் இந்தக் குறியீட்டைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அது பெரிய மாதிரியிலிருந்து எடுத்த எண்.

அதை எப்படிப் படிப்பது என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். 2023 மே மாத நிலவரப்படி ஹெச்.ஆர். நிபுணர்களின் மீடியன் ஆண்டுச் சம்பளம் 67,650 டாலர். ஹெச்.ஆர். மேலாளர்களுக்கு 136,350 டாலர். டாலர் கணக்கு நம்மில் பலருக்கு வேண்டாம், விகிதத்தைப் பாருங்கள்: இரண்டு மடங்கு. நிபுணர் என்ற அந்த ஒரே கூடைக்குள் நேற்று சேர்ந்த ரிக்ரூட்டரும் இருக்கிறார், 15 வருட அனுபவஸ்தரும் இருக்கிறார். வருடங்கள் கூடுவதால் மட்டும் யாரும் அடுத்த கூடைக்குப் போவதில்லை. ஆட்களுக்கும் பட்ஜெட்டுக்கும் பதில் சொல்லும் இடத்துக்குப் போனால்தான் இந்தத் தாவல் வருகிறது. உங்கள் நாட்டின் எண்களில் இதே விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மடங்குதான் என்றால், மேலாளர் பதவிக்காக இரவு பகலாக உழைப்பதைவிட ஒரு சிறப்புத் துறையில் ஆழமாக இறங்குவது உங்களுக்கு லாபமாக இருக்கலாம்.

மீடியன் என்பது நடுவில் நிற்பவரின் சம்பளம், சராசரி கிடையாது. நான்கைந்து பெரிய தலைவர்களின் சம்பளம் சேர்ந்தால் சராசரி ஊதிவிடும். சம்பளத் தகவல் எங்கே கிடைத்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி, எந்தத் தேதி எண்? சம்பள ஆய்வு கையில் கிடைக்கும்போதே அதற்குச் சில மாத வயது ஆகியிருக்கும். சந்தை வருடத்துக்கு 4% நகர்கிறது, ஆய்வு ஒன்பது மாதப் பழசு என்றால் 3% சேர்க்க வேண்டும். 100 என்று எழுதியிருப்பதை 103 என்று படியுங்கள். ஆய்வில் எத்தனை நிறுவனங்கள் என்பதையும் பாருங்கள். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் நான் அந்த வரியை எடுத்துக்கொள்வதில்லை, ஒரே ஒரு நிறுவனத்தின் பழக்கம் முழுச் சந்தையாகத் தெரிந்துவிடும்.

நாற்பது விளம்பரம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆள் எடுப்பின் போக்கை யாரோ எழுதும் அறிக்கையில் படிப்பதைவிட, நாமே நாற்பது வேலை விளம்பரங்களை வரிசையாகப் படித்தால் நன்றாகப் புரியும். ஒரு மாதம், வாரத்துக்குப் பத்து. எக்செலில் இந்தத் தலைப்புகள் போதும்: தேதி, பதவிப் பெயர், யாருக்கு ரிப்போர்ட், எத்தனை ஊழியர்களுக்குப் பொறுப்பு, கேட்கும் மென்பொருள், கேட்கும் அனுபவம், சம்பள வரம்பு இருந்தால் அது, இதே விளம்பரம் முன்பு வந்ததா.

கடைசித் தலைப்பை விட்டுவிடாதீர்கள். ஒரே வேலை மூன்றாவது தடவையாக வருகிறது என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். சம்பளம் குறைவு, அல்லது ஒரு ஆளில் மூன்று ஆளைத் தேடுகிறார்கள், அல்லது நிஜமாக ஆள் எடுக்கும் எண்ணமே இல்லாமல் பெயர்ப் பட்டியல் சேர்க்கிறார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், "இந்தப் பதவி எவ்வளவு நாளாகக் காலியாக இருக்கிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆறு மாதம் என்ற பதில் வந்தால் பேரம் பேச உங்களிடம் இடம் இருக்கிறது.

சம்பள வரம்பை விளம்பரத்திலேயே போட வேண்டும் என்ற சட்டங்கள் நமக்குப் பெரிய உதவி. அமெரிக்காவின் கொலராடோவில் 2021 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பரில், கலிபோர்னியாவில் 2023 ஜனவரியில். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு, விண்ணப்பிப்பவருக்கு ஆரம்பச் சம்பளத்தையோ வரம்பையோ முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7.

நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படிச் சட்டம் இல்லையா? பரவாயில்லை. பல நாடுகளில் கிளை உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் உள்ள ஊர்களில் அது போடும் ஹெச்.ஆர். விளம்பரங்களை மட்டும் சேகரியுங்கள். ரிக்ரூட்டருக்கு 100 என்றால் பிசினஸ் பார்ட்னருக்கு 140, சம்பள நிபுணருக்கு 135 என்பது போல ஒரு வரிசை கிடைக்கும். பணத்தொகை உங்கள் ஊருக்குப் பொருந்தாது. எந்த வேலைக்கு எதைவிட எவ்வளவு மதிப்பு வைக்கிறார்கள் என்ற வரிசை ஓரளவு பொருந்தும், ஏனென்றால் பெரிய நிறுவனங்கள் பதவி நிலைகளை உலகம் முழுக்க ஒரே அளவுகோலில் வைக்கப் பார்க்கும்.

வரம்பு 80 முதல் 120 வரை என்று போட்டிருந்தால் 120-ஐ மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வெளியிலிருந்து வருபவரை 85-க்கும் 100-க்கும் நடுவில் எடுக்கத்தான் நாங்கள் அனுமதி வாங்கி வைத்திருப்போம். மேலே உள்ள இடம் இன்னும் சில வருட இன்க்ரிமென்ட்டுக்கானது. 100-க்கு மேல் கேட்க வேண்டுமானால், அந்த வேலையை நீங்கள் ஏற்கனவே முழுதாகச் செய்திருப்பதைக் காட்ட வேண்டும்.

எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்

ஹெச்.ஆர். என்று மொத்தமாக ஒரு போக்கு கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காற்று.

ஆள் எடுப்புதான் முதலில் ஏறும், முதலில் விழும். 2021-ல் ரிக்ரூட்டர்களையே வலைவீசித் தேடினார்கள். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரை நிறுத்தியபோது, அடுத்த வருடம் குறைவாகவே ஆள் எடுப்போம் என்பதால் ரிக்ரூட்டிங் குழுவுக்கு அடி அதிகம் என்று மார்க் சக்கர்பெர்க் அந்தக் கடிதத்திலேயே எழுதினார். ஆள் எடுப்பில் இருப்பவர்கள் உங்கள் வேலையில் குறை இருப்பதாக நினைத்து உடைந்துபோக வேண்டாம், உங்கள் வேலையின் தன்மை அப்படி. சந்தை ஏறும் வருடத்தில் சம்பளத்தைப் பேசி உயர்த்துங்கள், இறங்கும் வருடத்துக்காக இன்னொரு திறமையைக் கையில் வைத்திருங்கள். நான் பார்த்தவரை ரிக்ரூட்டர்களுக்கு எளிதாகக் கைவருவது ஆள்பலத் திட்டமிடல். எந்தப் பதவி எத்தனை நாளில் நிரம்பும், எங்கே ஆள் கிடைக்காது என்ற அறிவு அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

பே ரோலும் சட்ட இணக்கமும் மெதுவாக ஏறும், ஆனால் கவிழாது. ஆள் எடுத்தாலும் நிறுத்தினாலும் மாதக் கடைசியில் சம்பளம் போய்ச் சேர வேண்டும், நிறுத்தும்போது கணக்கு இன்னும் சிக்கல். இரண்டு மூன்று நாட்டு பே ரோலைப் பிழையில்லாமல் ஓட்டத் தெரிந்தவரை விட்டுக்கொடுக்க எந்த நிதித் தலைவரும் தயங்குவார்.

சம்பள அமைப்பு, ஹெச்.ஆர். மென்பொருள், ஊழியர் தரவு அலசல் ஆகிய மூன்றும்தான் நான் படித்த விளம்பரங்களில் வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தவை. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. வரம்பை வெளியே போடச் சட்டம் வந்துவிட்டால், உள்ளே வரம்பு என்று ஒன்று ஒழுங்காக இருக்க வேண்டுமே! ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-வது உடன்படிக்கையில் 1951-லேயே எழுதப்பட்டது. இப்போது அதைக் கணக்காகக் காட்டச் சொல்கிறார்கள். காட்டத் தெரிந்த ஆட்கள் குறைவு.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 2023 மே மாதத்தில் ஐபிஎம் தலைவர் அரவிந்த் கிருஷ்ணா, ஹெச்.ஆர். போன்ற வாடிக்கையாளரை நேரில் சந்திக்காத வேலைகளில் ஏறக்குறைய 26,000 பேர் இருப்பதாகவும், அதில் 30% ஐந்து வருடத்தில் இயந்திரத்தால் ஈடுகட்டப்படலாம் என்றும் சொன்னார். சான்றிதழ்க் கடிதம் கொடுப்பது, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு ஆளை மாற்றிப் பதிவது மாதிரியான வேலைகள் குறையும் என்பதை நானும் நம்புகிறேன், கண்முன்னே குறைந்திருக்கின்றன. அதே நேரம் 2024-ல் வந்த ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள் தேர்வுக்குப் பயன்படும் கருவிகளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது, மனிதர் மேற்பார்வை வேண்டும் என்கிறது. கருவி ஒருவரை ஏன் தள்ளியது என்று கேள்வி கேட்டு, பதிவு செய்து, தேவைப்பட்டால் நிறுத்தத் தெரிந்த ஹெச்.ஆர். ஆள் வேண்டும். உங்கள் இரண்டு வாரக் குறிப்பைத் திரும்ப எடுத்து, அதில் எத்தனை மணி நேரம் வெறும் பதிவு வேலை என்று கூட்டிப் பாருங்கள். பாதியைத் தாண்டினால், சம்பளம் பேசுவதற்கு முன்னால் வேலையை மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

கையில் இருக்கும் ரகசியம்

இதை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். நம் கையில் எல்லோருடைய சம்பளமும் இருக்கிறது. என் 0.76-ஐப் பார்த்த அதே ஷீட்டில், என்னோடு சேர்ந்தவரின் 0.98-ம் இருந்தது. கோபத்தில் முதலில் தோன்றியது, "அவருக்கு அவ்வளவு, எனக்கு ஏன் இவ்வளவு?" என்று போய்க் கேட்பதுதான்.

கேட்கவில்லை. வேலைக்காகக் கொடுத்த அனுமதியில் பார்த்ததை என் பேரத்துக்கு எடுத்தால், அடுத்த நாள் முதல் அந்த ஷீட்டை யாரும் என்னிடம் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. பல நிறுவனங்களில் இது வேலை போகும் அளவுக்குத் தவறு. சாதாரண ஊழியர்கள் தங்கள் சம்பளத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு, பல நாடுகளில் அதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. ரகசியக் கோப்பைத் திறக்கும் உரிமையால் நமக்குத் தெரிய வருவது அந்தக் கணக்கில் வராது.

எனவே நான் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். என் பேச்சுக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு எண்ணும் வெளியில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அரசுப் புள்ளிவிவரம், விளம்பரங்கள், எனக்கு வந்த அழைப்புகள். நாற்பது விளம்பரங்களைச் சேகரிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த விளம்பர ஷீட் முழுக்க முழுக்க உங்களுடையது.

எப்போது, யாரிடம், எந்தப் பணத்திலிருந்து

உள்ளே கேட்பவர்கள் செய்யும் தவறு, இன்க்ரிமென்ட் கடிதம் கைக்கு வந்த பிறகு கேட்பது. அதற்குள் பட்ஜெட் பூட்டப்பட்டுவிடும். மேலாளர்களுக்கு ஷீட் போவதற்கு மூன்று மாதம் முன்பு, பட்ஜெட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பேசுங்கள். அந்த நாள்காட்டி வேறு யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும்.

பணம் ஒரே பானையில் இருப்பதில்லை. செயல்திறனுக்கான இன்க்ரிமென்ட் ஒன்று, பதவி உயர்வுக்கு ஒன்று, சந்தைக்கு ஏற்ப சரிசெய்ய ஒன்று. முதல் பானையிலிருந்து கேட்டால் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் ஒரு உச்சவரம்பில் முட்டும். மதிப்பீட்டையும் காம்பா ரேஷியோவையும் வைத்து இன்க்ரிமென்ட் சதவீதத்தைச் சொல்லும் அட்டவணைதான் மெரிட் மேட்ரிக்ஸ். அதில் உயர்ந்த மதிப்பீடும் 0.90-க்குக் கீழே ரேஷியோவும் உள்ளவருக்கு 8% என்றிருந்தால், அந்த 8%-தான் கூரை. உங்கள் குறை சந்தையோடு உள்ள இடைவெளி என்றால், மூன்றாவது பானையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "இது என் செயல்திறனுக்காக நான் கேட்கும் இன்க்ரிமென்ட் இல்லை. என் வேலை மாறியிருக்கிறது, பதவி நிலை மாறவில்லை. என் பதவியைத் திரும்ப மதிப்பிட்டு, சந்தைச் சரிக்கட்டலில் சேர்க்க முடியுமா?"

இதோடு ஒரு பக்கம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மேலே இரண்டு வாரக் குறிப்பின் சதவீதங்கள். நடுவில் பொருந்தும் பதவிக்கு மூன்று இடங்களிலிருந்து எடுத்த எண்கள், தேதியோடு. கீழே நீங்கள் கேட்கும் தொகை. சதவீதமாகக் கேட்காதீர்கள். "30% வேண்டும்" என்றால் பேராசையாகக் காதில் விழும், "நடுப்புள்ளிக்கு இன்னும் 24 குறைகிறது, இந்த வருடம் 12, அடுத்த வருடம் 12" என்றால் அதே மேலாளர் காகிதத்தை எடுத்துப் பார்ப்பார்.

வெளியே பேசும்போது சங்கடம் வேறு மாதிரி. எனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு தங்கை முதல் அழைப்பு வந்ததும் கேட்டாள், "அக்கா, இப்போ வாங்குற சம்பளத்தைக் கேட்டா என்ன சொல்றது? பொய் சொல்லக் கூடாதில்ல?" பொய் வேண்டவே வேண்டாம், பே ஸ்லிப் கேட்கும் இடங்களில் அது ஆஃபரையே கெடுத்துவிடும். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது: "இப்போது நான் பார்க்கும் வேலையும் நீங்கள் சொல்லும் வேலையும் வேறு. இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பைச் சொன்னால், அதில் எனக்குப் பொருந்துமா என்று உடனே சொல்லிவிடுகிறேன்." மறுபடியும் கேட்டால் வாங்குவதை நேராகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் எதிர்பார்ப்பையும் அதற்கான காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். எதிரே பேசுபவரும் ஹெச்.ஆர்.தான். எண்ணுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறதா என்பது அவருக்குப் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

ஆஃபர் வந்த பிறகு

மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு ஆஃபரில் சம்பளம் 100, போனஸ் இலக்கு 20. இன்னொன்றில் சம்பளம் 108, போனஸ் 8. காகிதத்தில் 120 பெரிது, 116 சிறிது. முதல் நிறுவனத்தில் கேட்டேன், "கடந்த இரண்டு வருடம் போனஸ் எவ்வளவு சதவீதம் கொடுத்தீர்கள்?" பாதி என்றார்கள். அப்படியானால் அது 110. இரண்டாவது இடத்தில் முழுதாகக் கொடுத்திருந்தார்கள், 116 அப்படியே நின்றது. அடுத்த இன்க்ரிமென்ட்டும், பல இடங்களில் ஓய்வுக்காலப் பங்களிப்பும், சம்பளத்தின் மீதுதான் கணக்காகும் என்பதையும் சேர்த்தால் இரண்டாவதே நல்லது. பங்குகள் கொடுத்தால் எத்தனை வருடத்தில் கைக்கு வரும் என்று கேளுங்கள். நான்கு வருடம், முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது என்பது பரவலான ஏற்பாடு. இரண்டே வருடத்தில் மாறும் பழக்கமுள்ளவர் அதில் பாதியைத்தான் எண்ண வேண்டும்.

பதவி நிலையைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பிறகு பார்த்துச் செய்கிறோம்" என்பதை நம்பி நான் ஒரு தடவை சேர்ந்திருக்கிறேன், அந்தப் பிறகு வரவேயில்லை.

அந்த 0.76-க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு பக்கக் காகிதத்தோடு போனேன். பதவியைத் திரும்ப மதிப்பிட்டார்கள், சம்பளம் 0.84-க்கு வந்தது, மீதிக்கு அடுத்த வருடம் என்றார்கள். அடுத்த வருடம் பட்ஜெட் இல்லை என்றார்கள். யாரையும் திட்டவில்லை, ஷீட்டைத் திறந்து நாற்பது விளம்பரங்களைப் புதுப்பித்தேன், நான்கு மாதத்தில் காம்பென்சேஷன் பிரிவில் நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே, 0.97-ல் வேறு இடத்தில் சேர்ந்தேன். அந்த ஷீட் இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தாளாகச் சேர்ந்து இப்போது ஒன்பது தாள். பட்ஜெட் தொடங்குவதற்கு முந்தைய மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையை அதற்காக ஒதுக்கி, காலண்டரில் வருடா வருடம் வரும்படி போட்டு வைத்திருக்கிறேன்.